அக்கா வீட்டு விலாசம்

பூனாகலைத் தோட்டத்தில் யசோதினி கொழுந்து பறிக்கும் மலையின் உச்சியில் ஒரு பாறை இருக்கிறது. அதில் ஏறி நின்றால்தான் போனில் படம் தெரியும். கீழே, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் குரல் மட்டும் கேட்கும், அதுவும் விட்டு விட்டு. பகல் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருக்க, அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு அந்தப் பாறையில் குந்தியிருந்தாள். போனுக்குள் ஒரு பெண் டொக்டர், கழுத்தில் சால்வையோடு, பின்னால் புத்தக அலமாரியோடு.

“இப்ப எத்தினை கிழமை எண்டு சொல்லுங்கோ.”

“செவ்வாக்கெழமங்க, டொக்டர்.”

டொக்டர் ஒரு கணம் விழித்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“அதில்லை அம்மா. கடைசியா மாதவிலக்கு வந்து எத்தினை வாரம் எண்டு கேக்கிறன்.”

“ஓ, அதக் கேக்குறீங்களா! நாங்க வாரம்னுதாங்க சொல்லுவோம். ஏழு இருக்கும்.”

யசோதினிக்கும் சிரிப்பு வந்தது. அந்தக் கிழமை அவள் சிரித்தது அது ஒன்றுதான்.

டொக்டரின் பெயர் நிவேதிகா. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், இப்போது ஐரோப்பாவில் ஒரு நாட்டில் இருந்தபடி, தமிழ் பேசும் பெண்களுக்குப் போனில் ஆலோசனை சொல்லி, கருவைக் கலைக்கும் மருந்தைத் தபாலில் அனுப்பும் ஒரு குழுவில் வேலை செய்கிறார். அந்த நாட்டில் அது சட்டப்படியான வைத்தியம். இலங்கையில் தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்குத் தவிர வேறு எதற்காகவும் கருவைக் கலைக்கக்கூடாது. செய்தவருக்கும் சிறை, செய்துகொண்டவளுக்கும் சிறை.

டொக்டர் அதை மறைக்கவில்லை. “நான் இருக்கிற இடத்தில இது வைத்தியம். நீங்கள் இருக்கிற இடத்தில இது குற்றம். தெரிஞ்சுதான் கேக்கிறீங்களோ?”

“தெரிஞ்சுதாங்க கேக்குறேன். நான் போய்ச் சேந்துட்டா என் ரெண்டு புள்ளைகளுக்கு யாருங்க இருக்கா?”

அவளுடைய பயம் வெறும் பயமல்ல. இரண்டாவது பிள்ளையின்போது எட்டாம் மாதத்தில் பிரஷர் ஏறி, லயத்து வாசலிலேயே வலிப்பு வந்து விழுந்தவள் அவள். தோட்டத்து லொறியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். கண் விழிக்கும்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். நாக்குக் கடிபட்டு வீங்கி வாய்க்குள் அடங்காமல் இருந்தது. பிள்ளை பிறந்து சில நாட்கள் ஆகியிருந்தன. “இன்னொன்று வேண்டாம்” என்று அன்றைக்கு வைத்தியர்களே சொன்னார்கள். அதற்காகத்தான் தவறாமல் கருத்தடை ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தடவை ஊசிக்குப் போன நாளில் மருந்து வந்திருக்கவில்லை, அடுத்த மாதம் வாருங்கள் என்றார்கள். அந்த இடைவெளியில் தீபாவளி வந்தது, கொழும்பில் கடையில் நிற்கும் புருஷன் கஜேந்திரன் லீவில் வந்தான். அவ்வளவுதான் கதை.

தோட்டத்துக் கிளினிக்கில் இருந்த டொக்டரும் நல்லவர்தான். அவளுடைய பழைய அட்டையைப் புரட்டிப் பார்த்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஆனால் பிரஷர் இப்போது சரியாக இருக்கிறது, உயிருக்கு ஆபத்து என்று இப்போது எழுத முடியாது, ஆபத்து வந்தால் உடனே கவனிப்போம் என்று சிங்களத்தில் சொன்னார். ஆபத்து வந்தபோது தான் எப்படி விழுந்து கிடந்தோம் என்று அவளுக்குத் தெரியும். விழுந்த பிறகு சட்டம் வந்து தூக்கிவிடுமாம்.

கஜேந்திரனிடம் போனில் சொன்னாள். அவன், “ஒனக்கு என்னா தோணுதோ அதச் செய். நீ இருந்தாப் போதும்” என்றான். புருஷன் பக்கம் இருந்து இடி விழும் என்று காத்திருந்தவளுக்கு அது பெரிய ஆறுதல்.

நிவேதிகா டொக்டரின் நம்பரைக் கொடுத்தது, கடைத்தெருவில் போனுக்குக் காசு போடும் ரீலோட் கடை வைத்திருந்த ஸிஹாமா. கண்ணாடிப் பெட்டிக்கு மேலால் குனிந்து, “நம்பர தாறேன். எங்கிட்ட வாங்கினதுன்னு வாயத் திறந்தீங்க, அடுத்த மாசம் ரீலோட் போட வேற கடை தேடணும்” என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

பாறையில் நடந்த பேச்சுக்குத் திரும்புவோம். டொக்டர் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டுக் கடைசியாக, “சரி, விலாசம் சொல்லுங்கோ” என்றார்.

அங்கேதான் யசோதினி திணறினாள்.

லயத்து வீட்டுக்கு விலாசம் கிடையாது. தோட்டத்தின் பெயரும் டிவிஷன் பெயரும்தான் எல்லாருக்கும் விலாசம். அத்தனை குடும்பத்துக் கடிதமும் ஒரே பையில் ஒப்பீசுக்கு வரும். மறுநாள் காலையில் பெரட்டுக்களத்தில், வேலைக்குப் போகும் ஆட்களை வரிசையாக நிறுத்தி எந்த மலைக்கு யார் என்று பிரித்துவிடும்போது, கணக்கப்பிள்ளை கடிதங்களையும் ஒவ்வொரு பெயராக உரக்கக் கூப்பிட்டுக் கொடுப்பார். கடிதம் கனமாக இருந்தால் உள்ளே என்னவென்று ஒரு கேள்வியும் வரும். வெளிநாட்டுப் பார்சல் என்றால் கேட்கவே வேண்டாம். அதை வைத்தே ஒரு கிழமை ஓட்டிவிடுவார்கள். “என்னா யசோதினி, வெளிநாட்டுல மாப்ள புடிச்சிட்டியா?” என்று யாராவது ஆரம்பித்தால் அது பதுளை வரை போகும்.

“என்ன, விலாசம் இல்லையோ?” டொக்டருக்கு அது விளங்கவில்லை. மனிதர் குடியிருக்கும் வீட்டுக்கு எப்படி விலாசம் இல்லாமல் போகும்?

“இருக்குங்க. எங்க அக்கா வீட்டுக்கு இருக்கு.”

அக்கா ஜீவராணி. இரண்டு பேருக்கும் பிறந்த இடம் மீரியபெத்த. அந்தத் தோட்டத்தையே மூடிய மண்சரிவில் அப்பாவும் அம்மாவும் போனபோது யசோதினி பூனாகலைக்கு வாழ்க்கைப்பட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. மீரியபெத்தையிலேயே இருந்த ஜீவராணி அன்றைக்கு வேலைக்குப் போயிருந்ததால் தப்பினாள். தப்பியவர்களுக்குக் கட்டிக் கொடுத்த வீடுகளில் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. வீட்டு வாசலில் இலக்கம் எழுதிய தகடு இருந்தது. தபால்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து ஹோர்ன் அடிப்பார். “நம்ம பரம்பரையிலயே மொதல் தடவையா தபால்காரன் என் பேரக் கேட்டு வர்றான்டி” என்று ஜீவராணி சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். புருஷன் இறந்த பிறகு அந்த வீட்டில் அவளும் உயர்தரம் படிக்கும் மகள் டிலக்ஷினியும்தான்.

யசோதினிக்கு வலிப்பு வந்தபோது லொறியில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்ததும், அன்றைக்கு அவளைப் பார்க்க வந்திருந்த ஜீவராணிதான். பாதையின் ஒவ்வொரு குழிக்கும் டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தாளாம். அப்படிப்பட்டவளிடம் கேட்பதற்கு யோசிக்க என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்ச் சொன்னாள்.

ஜீவராணி கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். “பைத்தியக்காரி, இதுக்கா கண்ணு கலங்குற? என் வீட்டு அட்ரஸக் குடு. வந்தோன்ன கோல் பண்றேன். வேற யாருக்கும் மூச்சு விட்டுறாத.”

“ஒனக்குப் பிரச்சினை வந்துருமோன்னுதான் யோசிக்கிறேன்க்கா.”

“எனக்கு என்னாடி பிரச்சினை? பார்சல்ல ஒன் பேருதானே இருக்கப் போவுது. புடிச்சா ஒன்னையத்தான் புடிப்பாங்க.” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அடுப்படியில் நின்றிருந்த டிலக்ஷினி எட்டிப் பார்த்து, “சித்தி, என்ன ரகசியம்?” என்று கேட்டாள். “ஒனக்கு மாப்ள பாக்குறோம், போடி உள்ள” என்றாள் ஜீவராணி.

அன்றைக்கே அக்கா வீட்டு விலாசத்தை டொக்டருக்கு அனுப்பினாள். அதன் பிறகு காத்திருப்புத்தான்.

டொக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: பத்து வாரத்துக்குள் என்றால் வீட்டில் இருந்து செய்யலாம், அதற்குப் பிறகு தூரத்தில் இருந்துகொண்டு தான் பொறுப்பெடுக்க மாட்டேன். பார்சல் வந்ததும் அறிவித்தால், எப்படி எடுப்பது, எதைக் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்று கூட இருந்து சொல்லித் தருவார்.

ஒவ்வொரு பின்னேரமும் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அக்காவுக்கு எடுப்பாள்.

“வந்துருச்சாக்கா?”

“இல்லடி. வந்தா சொல்ல மாட்டேனா?”

ஒரு வாரம் தாண்டியதும் ஜீவராணி, “தபால் ஸ்ட்ரைக்காம்டி. ஊர் முழுக்க அப்படியே கெடக்காம்” என்றாள். தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்யாத வருஷம் உண்டா? யசோதினி நம்பினாள். ஆனால் மறுநாள் பெரட்டில் வழக்கம்போல பெயர் கூப்பிட்டுக் கடிதம் கொடுத்தார்கள். பக்கத்தில் நின்றவளின் கைக்கு ஒரு வங்கிக் கடிதம் வந்தது. தோட்டத்துக்கு மட்டும் எப்படித் தபால் வருகிறது என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. அங்கே வேறு தபாற்கந்தோர், இங்கே வேறு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அக்கா சொன்னதைச் சந்தேகிப்பதைவிட நாட்டிலுள்ள தபாற்கந்தோர்களை எல்லாம் சந்தேகிப்பது அவளுக்கு லேசாக இருந்தது.

பிறகு ஒரு நாள், கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும்போது, இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. டொக்டரிடம் இருந்து ஒரு செய்தி.

“வணக்கம் யசோதினி. இரத்தப்போக்கு முழுதாக நின்றுவிட்டதா? காய்ச்சல் ஏதும் இல்லையே?”

இரண்டு தரம் வாசித்தாள். கங்காணி சத்தம் போடுவதைக் காதில் வாங்காமல் பாறையை நோக்கி ஏறினாள்.

“டொக்டர், எனக்கு மருந்தே இன்னும் வந்து சேரலீங்க.”

டொக்டரின் முகம் சுருங்கியது. “என்ன சொல்லுறீங்கள்? போன கிழமை நீங்கள்தானே எடுத்துக் கதைச்சனீங்கள். மருந்து கிடைச்சுது, எப்பிடி எடுக்கிறது எண்டு கேட்டனீங்கள். ரெண்டு நாளால திரும்ப எடுத்து, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது எண்டும் சொன்னனீங்கள்.”

“நான் எடுக்கலீங்க.”

“யசோதினி எண்டுதானே சொன்னது. அக்காவின்ர போனில இருந்து கதைக்கிறன், என்ர போன் உடைஞ்சுபோச்சு எண்டு. வயசு, பிள்ளையள், வலிப்பு வந்தது, எல்லாம் நான் கேக்கக் கேக்கச் சரியாச் சொன்னது.”

காற்று தேயிலைச் செடிகளின் மேலால் போய்க்கொண்டிருந்தது. கீழே யாரோ யாரையோ கேலி செய்ய, ஒரு கூட்டமே சிரித்தது.

“மொகத்தப் பாத்தீங்களா டொக்டர்?”

“இல்லை. படம் வரேல்லை எண்டு குரலிலதான் கதைச்சது.”

“கொரலு என் கொரலு மாதிரியா இருந்துச்சு?”

டொக்டர் சால்வையைக் கழற்றி மேசையில் வைத்தார். “உண்மையைச் சொல்லவேணும். உங்கட பக்கத்துக் கதை எனக்கு எல்லாம் ஒரே மாதிரித்தான் கேக்குது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் பிடிக்க எனக்குத் தெரியேல்லை. அது என்ர பிழை.”

யசோதினிக்கும் ஜீவராணிக்கும் குரலில் ஒரு ஒற்றுமையும் கிடையாது. அக்காவின் குரல் கட்டை. எப்போதும் சளி பிடித்தது போல இருக்கும். லயத்துச் சின்னப் பிள்ளைகள்கூட இருட்டில் கண்டுபிடித்துவிடும். ஆனால் கடல் தாண்டிக் கேட்டவருக்கு இரண்டுமே தோட்டத்துப் பொம்பிளையின் குரல். அந்தக் குழுவின் கோப்பில், யசோதினி என்பவளுக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்திருந்தது.

“திரும்ப அனுப்புவீங்களா?”

“இண்டைக்கே அனுப்பினாலும் உங்கட கைக்கு வர எல்லை தாண்டிப் போயிடும். தாண்டினாப் பிறகு, வலிப்பு வந்த உங்களை ஆஸ்பத்திரிக்கு வெளியில வைச்சு இதைச் செய்யச் சொல்ல என்னால ஏலாது. கொழும்பில எங்கையாவது கள்ளமாச் செய்விக்கவும் போயிடாதேங்கோ. கெஞ்சிக் கேக்கிறன்.” டொக்டர் திரைக்கு நெருங்கி வந்தார். “யார் எண்டு தெரியுமோ?”

“தெரியுங்க” என்று சொல்லிவிட்டு யசோதினி போனை வைத்தாள்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. முதல் பஸ்ஸில் போனாள். ஜீவராணி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தங்கை படலையைத் திறந்து வருவதைக் கண்டதும் கையிலிருந்த துணியைப் பிழிந்தாள். பிழிந்த துணியையே மறுபடியும் பிழிந்தாள்.

“தபால் ஸ்ட்ரைக் முடிஞ்சிருச்சாக்கா?”

“உள்ள வா. வெளிய நின்னு கத்தாத.”

“நான் எங்க கத்துறேன்? நீதானே என் பேர்ல கத்துன. வெளிநாட்டுக்கே கேட்டுச்சாமே.”

ஜீவராணி அவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கதவைச் சாத்தி அதில் சாய்ந்துகொண்டாள்.

“டிலக்ஷினிக்குடி.”

யசோதினி உள்ளறைத் திரையைப் பார்த்தாள்.

“நீ பார்சலப் பத்திச் சொல்லிட்டுப் போன அன்னைக்கு ராத்திரிதான் அவ சொன்னா. என்னா செய்யச் சொல்ற? அந்தப் பய விஷயம் தெரிஞ்சதும் நம்பர மாத்திட்டான். இந்த வருஷம் சோதனை எழுதப் போறவ. பார்சல் வந்து மேசையில கெடந்துச்சு. மூணு நாளு நான் அதத் தொடவே இல்ல, சத்தியமா.”

“நாலாம் நாளு தொட்ட.”

“ஒனக்குத் தாலி கட்டுனவன் இருக்கான். நீ வயித்தோட நடந்தா யாரு கேக்கப் போறா? அவ நடந்தா? ஒனக்கு ஏதும்னா ஆஸ்பத்திரில கையில வச்சுப் பாத்துக்குவாங்க. பெரிய டொக்டருங்க எல்லாம் இருக்காங்க.”

“எனக்கு வலிப்பு வந்ததயும் சொன்னியாமே அவங்ககிட்ட. அது எனக்கு வந்ததுக்கா. நான் விழுந்தது. அதையும் எடுத்துக்கிட்டியா?”

“அவங்க கேட்டாங்கடி. பார்சல்ல இருந்த நம்பருக்கு எடுத்தேன், அவங்க பைல்ல எழுதியிருக்குன்னு கேட்டாங்க. மாத்திச் சொன்னா புடிச்சிருவாங்கன்னு…”

“என்னையக் கேட்டிருக்கலாமே நீ?”

ஜீவராணி நிமிர்ந்து பார்த்தாள். “கேட்டிருந்தா குடுத்திருப்பியா?”

யசோதினி வாயைத் திறந்தாள். கொடுத்திருப்பேன் என்று சொல்ல ஆசையாக இருந்தது. அது உண்மையா என்று தெரியவில்லை. கேட்டிருந்தால் ஒரு இரவு அழுதிருப்பாள், சண்டை போட்டிருப்பாள், ஸிஹாமாவிடம் ஓடி இன்னொரு வழி தேடியிருப்பாள். டொக்டரிடமே சொல்லி, இரண்டு பேருக்கும் இரண்டு பார்சல் கேட்டிருக்கலாம். அப்போது நாள் இருந்தது. அக்கா எடுத்துக்கொண்டது மருந்தை மட்டுமல்ல, அந்த நாட்களையும்தான். ஒவ்வொரு பின்னேரமும் “இல்லடி, இல்லடி” என்று சொல்லிச் சொல்லி.

“பாத்தியா?” என்றாள் ஜீவராணி. “குடுத்திருக்க மாட்ட.”

அப்போது உள்ளறைத் திரையை விலக்கிக்கொண்டு டிலக்ஷினி வந்தாள். ஸ்வெட்டர் போட்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. பேச்சு அவள் காதில் விழுந்திருக்குமோ என்று இரண்டு பெண்களும் திகைத்து நிற்க, அவள் நேராக வந்து சித்தியின் காலில் விழுந்தாள்.

“அம்மா எல்லாம் சொன்னாங்க சித்தி. ஒங்களுக்குன்னு எடுத்தத எனக்காக விட்டுக் குடுத்துட்டீங்களாம். ‘எனக்குப் பரவால்ல, புள்ள படிக்கட்டும்’னு சொன்னீங்களாம். நான் ஒங்களுக்கு எப்பிடி…”

யசோதினி அக்காவைப் பார்த்தாள். மருந்தை எடுத்துக்கொண்டவள், அதைக் கொடுத்த பெருமையை மட்டும் தங்கைக்கு விட்டுவைத்திருக்கிறாள். கதவில் சாய்ந்து நின்ற ஜீவராணியின் கண்கள் கெஞ்சின. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பிள்ளை தாயின் முகத்தில் இனி விழிக்க மாட்டாள்.

குனிந்து டிலக்ஷினியைத் தூக்கி நிறுத்தினாள். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

“ரத்தம் முழுசா நின்னுருச்சா?”

“நின்னுருச்சு சித்தி.”

“காய்ச்சல் கீய்ச்சல் இல்லையே?”

“இல்ல சித்தி.”

“வந்தா ஒளிச்சு வைக்காத. ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போ. வெளங்குதா?”

தேத்தண்ணி குடிக்காமல் திரும்பினாள். படலை வரை பின்னால் வந்த ஜீவராணி, “யசோ… யசோ…” என்று கூப்பிட்டாள். பஸ் வரும் வரை ரோட்டில் நின்றபோதும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். வயிறு வளர்ந்தது. கிளினிக்குக்கு ஒரு தடவையும் தவறவில்லை. ஏழாம் மாதம் முடியப் பிரஷர் ஏறத் தொடங்கியது, வார்ட்டில் நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் சொன்னபடியேதான் நடந்தது: ஆபத்து வந்தது, உடனே கவனித்தார்கள். வலிப்பு இந்த முறை கட்டிலிலேயே வந்தது. வயிற்றை வெட்டி எடுத்த பெண் குழந்தை ஒரு கைக்குள் அடங்குவதாக இருந்தது, ஆனால் பிழைத்தது. யசோதினியும் பிழைத்தாள். இடது கை மட்டும் பழையபடி வரவில்லை. விரல்கள் பாதி மடங்கி நின்றன. இரண்டு கையும் சேர்ந்து ஓடினால்தான் கொழுந்து பறிக்க முடியும். அவள் பெயரைப் பெரட்டில் இப்போது கூப்பிடுவதில்லை.

கஜேந்திரன் கொழும்பு வேலையை விட்டுவிட்டு வந்து தோட்டத்தில் தேயிலைச் செடிகளுக்குப் பூச்சி மருந்தடிக்கிறான். மூத்த பிள்ளைகள் இரண்டும் தங்கச்சிப் பாப்பாவைத் தூக்குவதற்குச் சண்டை போடுகின்றன. பாப்பாவை யசோதினி வெறுக்கவில்லை. வலது கையால் அணைத்துப் பால் கொடுக்கும்போது, அதன் விரல்கள் ஐந்தும் ஒழுங்காக விரிந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியில் இருந்து லயத்துக்குக் கூட்டிவந்த அடுத்த நாள் ஜீவராணி வந்தாள். ஒரு கையில் உடுப்புப் பை. மற்றதில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் ஆக்குவதற்கு மிளகு, பூண்டு, கருவாடு என்று வாங்கித் திணித்த சாக்குப் பை. ஒரு மாதம் தங்கிப் பார்க்கும் உத்தேசம் பையின் கனத்திலேயே தெரிந்தது. வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே கால் வைக்கத் துணியாமல் நின்றாள்.

குழந்தையைத் தொட்டிலில் கிடத்திக்கொண்டிருந்த யசோதினி தலையை நிமிர்த்தினாள்.

“வாங்க. உள்ள வந்து உக்காருங்க.”

ஜீவராணி பின்னால் திரும்பிப் பார்த்தாள், தன்னோடு வேறு யாரோ வந்திருக்கிறார்களோ என்பது போல. யாரும் இல்லை. பேச்சுக் கற்ற நாளில் இருந்து நீ, வா, போடி என்றே பேசி வளர்ந்தவர்கள் இருவரும்.

“என்னாடி இது, வாங்க போங்கன்னு?”

“தேத்தண்ணி குடிக்கிறீங்களா? அவரு இப்ப வந்துருவாரு, ஊத்தச் சொல்றேன். எனக்குக் கை வராது.”

சாக்குப் பை ஜீவராணியின் கையிலிருந்து நழுவியது. மிளகுப் பொட்டலம் உடைந்து வாசலெல்லாம் உருண்டது.

“அடியே, என்னையப் பாரு. நான் ஒன் அக்காடி.”

யசோதினி தொட்டிலை மெல்ல ஆட்டிவிட்டாள்.

“தெரியுங்க” என்றாள்.